நட்சத்திரம் இளைப்பதை ரேடியோவில் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்?

பாண்டிச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பெரிய நட்சத்திரங்கள் தங்கள் எடையைக் காற்றாக வீசியே இழந்துவிடுகின்றன, அதை ரேடியோ தொலைநோக்கியால் அளக்கிறார்கள் என்று படித்தேன். ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதன் எடை ரேடியோவில் எப்படித் தெரியும்? அந்த எண்ணை நம்பலாமா? எங்கள் மாடியில் சும்மா கிடக்கும் டிஷ்ஷை வைத்து இதையெல்லாம் கேட்க முடியுமா?" மூன்று கேள்வி. டிஷ் விஷயம் கடைசியில்.

நம்பலாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பலாம், ஆனால் அது எதைப் பற்றிய எண் என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். ரேடியோ எடையை அளப்பதே இல்லை. நட்சத்திரத்தைச் சுற்றியிருக்கும் காற்றில் எலக்ட்ரானும் அயனியும் எவ்வளவு அடிக்கடி ஒன்றையொன்று நெருங்கி விலகுகின்றன என்பதைத்தான் அது அளக்கிறது. அங்கிருந்து எடைக்கு வருவது நம் கணக்கு, அந்தக் கணக்கு ஏமாறும் இடங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் சுவாரசியமே அந்த ஏமாற்றங்களில்தான்.

காற்று என்றால் என்ன மாதிரிக் காற்று? 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது, மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்றார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டு மாடி டிஷ் பறந்துபோய், பக்கத்து வீட்டில் விழுந்து கிடந்த முருங்கை மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது; அந்த வீட்டு அக்கா அத்தனை கலவரத்திலும் "சார், உங்க டிவி எங்க மரத்துல காய்ச்சிருக்கு" என்றார். அந்தப் புயலின் வேகம் வினாடிக்கு 40 மீட்டர்கூட இல்லை. தென்வானில் இருக்கும் நாவோஸ், அதாவது சீட்டா பப்பிஸ் என்ற நட்சத்திரத்தின் காற்று வினாடிக்குச் சுமார் 2,250 கிலோமீட்டர். தானேயைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல். கடலூரில் கிளம்பினால் ஒரு வினாடிக்குள் டெல்லியைத் தாண்டிவிடும்.

நம் சூரியனுக்கும் காற்று உண்டு, ஆனால் அது சொற்பம். சூரியன் தன் காற்றில் ஒரு பூமியளவு நிறையை இழக்க ஏறத்தாழ 15 கோடி ஆண்டு ஆகும். சூரியனைப் போல முப்பது நாற்பது மடங்கு நிறையுள்ள சூடான நட்சத்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஆண்டுக்கு சூரிய நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போவது சாதாரணம். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அது மூன்று வருஷத்துக்கு ஒரு பூமி. வுல்ஃப்–ராயே வகை நட்சத்திரங்களில் இதைப் போலப் பத்து மடங்கும் போகிறது. இவற்றின் ஆயுளே சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் என்பதால், சாகும்போது பிறந்தபோது இருந்த எடையில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம்.

தள்ளுவது யார்? வெளிச்சம்தான். இந்த நட்சத்திரங்கள் சூரியனைப் போல லட்சக்கணக்கான மடங்கு பிரகாசமானவை, அதில் பெரும்பகுதி புறஊதா ஒளி. இரும்பு, கார்பன், நைட்ரஜன் அயனிகள் குறிப்பிட்ட அலைநீளங்களில் அந்த ஒளியை விழுங்கி, விழுங்கிய வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு, அக்கம்பக்கத்து ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. 1960களின் நடுவில் ராக்கெட்டில் அனுப்பிய கருவி ஓரையன் வேட்டைக்காரனின் இடுப்பு நட்சத்திரங்களைப் புறஊதாவில் பார்த்தபோதுதான் இப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வாயு வெளியேறுவது தெரிந்தது. காஸ்டர், ஆபட், க்ளைன் மூவரும் இதற்கு முறையான கோட்பாடு எழுதியது 1975ல்.

சரி, இனி ரேடியோ. காற்று முழுக்க அயனியாகிப்போன வாயு. ஓடும் எலக்ட்ரான் ஒரு அயனியின் அருகே வரும்போது அதன் பாதை கொஞ்சம் வளைகிறது, வளையும்போது ஒரு துளி ரேடியோ அலையை உமிழ்கிறது. ஒரு இடத்தில் எத்தனை எலக்ட்ரான், எத்தனை அயனி என்ற இரண்டையும் பெருக்கினால் எத்தனை சந்திப்பு என்று வரும். ஆகவே உமிழ்வு அடர்த்தியின் இருமடிக்கு ஏற்ப ஏறும். இந்த 'இருமடி'யை மறந்துவிடாதீர்கள், பிறகு இதுதான் தகராறு பண்ணப்போகிறது.

மார்கழிப் பனியில் விடிகாலை பண்ருட்டி சாலையில் போயிருப்பீர்கள். குறிப்பிட்ட தூரம் வரைதான் புளியமரம் தெரியும், அதற்கப்பால் வெள்ளைச் சுவர். நட்சத்திரக் காற்றும் ரேடியோவுக்கு அப்படித்தான். உள்ளே போகப் போக அடர்த்தி ஏறி, ஒரு இடத்தில் சுவராகிவிடும். அந்தச் சுவர் எங்கே நிற்கிறது என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. நீள அலைக்குச் சுவர் வெகு தூரத்திலேயே எழுந்துவிடுகிறது, குட்டை அலை இன்னும் உள்ளே வரை பார்க்கும். சென்டிமீட்டர் அலைகளில் நாவோஸின் சுவர் நட்சத்திரத்தின் ஆரத்தைப் போலச் சுமார் நூறு மடங்கு தூரத்தில் இருக்கிறது. வேகத்தால் வகுத்துப் பாருங்கள், நட்சத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து வாயு அங்கே வந்துசேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. ஒளி நம்மிடம் வர ஆகும் ஆயிரம் வருஷத்தைத் தள்ளிவிட்டுச் சொன்னால், ரேடியோவில் தெரிவது போன வாரத்துக் காற்று.

இதிலிருந்து ஒரு அழகான கணக்கு வருகிறது, 1975ல் ரைட்–பார்லோ ஒரு பக்கமும் பனாஜியா–ஃபெல்லி ஒரு பக்கமும் தனித்தனியாகப் போட்டது. ஒரே அளவுள்ள சூடான உருண்டையாக இருந்தால் அதன் ரேடியோ வெளிச்சம் அதிர்வெண்ணின் 2ஆம் அடுக்காக ஏறும். ஆனால் நம் சுவர் அதிர்வெண் ஏற ஏற உள்ளே சுருங்குகிறது, அதனால் பரப்பு 1.4ஆம் அடுக்காகக் குறைகிறது. 2ல் 1.4 போக 0.6. அதிர்வெண்ணை மூன்று மடங்காக்கினால் ரேடியோ வெளிச்சம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வானத்தில் ஒரு புள்ளியை இரண்டு மூன்று அதிர்வெண்ணில் அளந்து இந்த 0.6 வந்துவிட்டால், எல்லாத் திசையிலும் சீராக வீசும் காற்றைத்தான் பார்க்கிறோம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அப்புறம் வெளிச்சத்தின் அளவிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு நிறை போகிறது என்று ஒரே சமன்பாட்டில் வந்துவிடும். நட்சத்திரத்தின் வெப்பநிலை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பெரிய பாதிப்பில்லை. அதனால்தான் நெடுநாள் இதை மற்ற முறைகளைவிடச் சுத்தமான முறை என்று கொண்டாடினார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: சமன்பாட்டுக்கு வேறு இரண்டு எண் தேவை, அவை ரேடியோவில் கிடைக்காது. ஒன்று காற்றின் வேகம், அது புறஊதா நிறமாலையிலிருந்து வர வேண்டும். 1978ல் ஏவிய ஐயூஈ செயற்கைக்கோள் இதில் பெரிய உபகாரம் செய்தது. இன்னொன்று தூரம். அதில் தவறினால் எண் நன்றாகவே ஆடும். தூரத்தை ஒன்றரை மடங்கு கூட்டி வைத்துக்கொண்டால் நிறை இழப்பு 1.8 மடங்காகிவிடும்.

வரும் அலையின் பலத்தையும் சொல்லிவிடுகிறேன். நாவோஸிலிருந்து 6 சென்டிமீட்டர் அலையில் வருவது ஒன்றரை மில்லிஜான்ஸ்கிக்கு அருகில்தான். ஜான்ஸ்கி என்பது வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையின் பலத்துக்கு அலகு, ஒரு ஜான்ஸ்கியே நினைத்துப் பார்க்க முடியாத அளவு சின்னது, அதில் ஆயிரத்தில் ஒன்றரை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 25 மீட்டர் விட்டமுள்ள 27 டிஷ்களை ஒன்றாகக் கோத்து 1980ல் வீஎல்ஏ வந்த பிறகுதான் இப்படிப்பட்ட நட்சத்திரங்களை வரிசையாக அளக்க முடிந்தது. நம் ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டி 1970ல் வேலைக்கு வந்தது, சரிவின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குப் பொருந்துவதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, நேரில் பார்த்தால் இந்த யோசனைக்கே கும்பிடு போடத் தோன்றும். ஆனால் அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். 0.6 கணக்கைப் போட்டுப் பாருங்கள், 8.4 கிகாஹெர்ட்ஸில் கிடைப்பதில் ஏழில் ஒரு பங்குதான் அங்கே மிஞ்சும். அதன் கெட்டிக்காரத்தனம் வேறு: தூரத்து ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றின் வழியே வரும்போது மினுக்குவதை வைத்துச் சூரியக் காற்றை அளந்து தள்ளியிருக்கிறார்கள்.

மேகம் மறைத்தாலும் ரேடியோவுக்குக் கவலையில்லை என்பதையும் பாண்டிக்காரருக்குச் சொல்லாமல் விட முடியாது. லெ ஜான்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1761ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார். ஊர் ஆங்கிலேயர் கையில், வந்துசேர முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றிவிட்டு 1769 ஜூனில் பாண்டியில் கருவிகளோடு காத்திருந்தால், அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. ஜூனில் நம் கடற்கரையில் காலை வானம் பெரும்பாலும் தெளிவாகத்தான் இருக்கும். பாவம் மனிதர்.

இப்போது ஏமாற்றம் நம்பர் ஒன்று. சமன்பாடு காற்று சீராகப் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது, உண்மையில் அது கொத்துக் கொத்தாகப் போகிறது. மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். மணலை நூறு கட்டமாகப் பிரித்து ஆயிரம் பேரைச் சீராக நிறுத்துவோம், கட்டத்துக்குப் பத்துப் பேர். ஒரு கட்டத்துக்குள் ஒவ்வொருவரும் மற்றவரை ஒரு தடவை இடித்துக்கொண்டால் 45 இடி, மொத்தம் 4,500. இப்போது தீர்த்தவாரிக்குச் சாமி வந்துவிட்டது, அதே ஆயிரம் பேரும் 25 கட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், கட்டத்துக்கு 40 பேர். கட்டத்துக்கு 780 இடி, மொத்தம் 19,500. ஆள் ஒருவர்கூடக் கூடவில்லை, இடி நாலு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இடிகளை மட்டும் எண்ணுகிறவர் கூட்டம் சீராக நிற்கிறது என்று நினைத்தால் ஆயிரத்தை இரண்டாயிரம் என்று எழுதுவார். ரேடியோ செய்வது அச்சு அசலாக இதையே. கொத்து எவ்வளவோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு எடை கூடுதலாகத் தெரியும். ஆகவே சீரான காற்று என்று வைத்துப் போட்ட ரேடியோ எண் எல்லாம் உச்சவரம்பு, அதற்குமேல் போகாது, கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்.

கொத்து இருக்கிறது என்பது வெகு நாளாகத் தெரியும், எவ்வளவு என்பதில்தான் சண்டை. 2006ல் அது உச்சத்துக்குப் போனது. பாஸ்பரஸ் அயனியின் புறஊதாக் கோட்டை வைத்துப் பார்த்தவர்கள் பழைய எண்கள் பத்து மடங்கு அதிகமாக இருக்கலாம் என்றார்கள். அந்தக் கோடு அடர்த்தியின் இருமடியை நம்பாது, இடிகளை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுகிற மாதிரி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நெருக்கி நிற்கும் கூட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து எண்ணினால் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைப்பாரே, அப்படிக் கொத்துக்குள்ளே மறைந்தவர்கள் கணக்கில் வரவில்லை என்று பிற்பாடு விளங்கியது. ஆக ரேடியோ கூட்டிச் சொன்னது, பாஸ்பரஸ் குறைத்துச் சொன்னது. இப்போது பெரும்பாலானவர்கள் இருப்பது நடுவில்: பழைய எண்களை இரண்டு மூன்று மடங்கு குறைத்தால் சரியாக வரும் என்று. அதே 2006ல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, அகச்சிவப்பு, மில்லிமீட்டர், ரேடியோ எல்லாவற்றையும் ஒரே நட்சத்திரங்களுக்கு வரிசையாக வைத்துப் பார்த்த ஆய்வும் வந்தது. ஒவ்வொன்றும் காற்றின் ஒவ்வொரு ஆழத்தைக் காட்டுவதால், அடர்ந்த காற்றில் கொத்து நட்சத்திரத்துக்கு அருகே அதிகம், வெளியே போகப் போகத் தளர்கிறது என்று தெரிந்தது. வெளிப்புறத்தைப் பார்ப்பதால் ரேடியோ கொஞ்சம் குறைவாகவே ஏமாறுகிறது என்பது அதற்கு ஒரு பாராட்டு.

ஏமாற்றம் நம்பர் இரண்டு, ஜோடி. பெருநிறை நட்சத்திரங்களில் பாதிக்கு மேல் துணையோடுதான் இருக்கின்றன. இரண்டு காற்றும் நடுவில் மோதினால் அங்கே அதிர்ச்சி அலை எழுந்து, எலக்ட்ரான்கள் ஒளிவேகத்துக்கு அருகில் முடுக்கப்பட்டு, காந்தப்புலத்தில் சுழன்று வேறு விதமான ரேடியோவை உமிழும். அது அதிர்வெண் ஏற ஏற மங்கும், 0.6க்கு நேர்மாறு. ஒரே ஒரு அதிர்வெண்ணில் அளந்துவிட்டு எடையைச் சொன்னால் காற்றின் பேரில் மோதலின் வெளிச்சத்தையும் சேர்த்து எழுதிவிடுவோம். சிக்னஸில் இருக்கும் டபிள்யூஆர் 140 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். இரண்டு நட்சத்திரமும் 7.9 ஆண்டுக்கு ஒருமுறை மிக நீண்ட பாதையில் சுற்றுகின்றன. விலகியிருக்கும்போது ரேடியோ பல மடங்கு ஏறுகிறது, நெருங்கும்போது மோதல் இடம் சுவருக்குள்ளே புதைந்து காணாமல் போகிறது. வீஎல்பிஏ தொலைநோக்கிகளால் அந்த மோதல் இடத்தையே வில் வடிவில் படம்பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நெருக்கத்திலும் ஒரு தூசி வளையம் வேறு கிளம்புகிறது, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022ல் 17 வளையங்களைக் காட்டியது. இப்படிப்பட்ட ஜோடிகளுக்குத்தான் புனே அருகே நாராயண்காவ் பக்கத்து ஜிஎம்ஆர்டி மாதிரிக் குறைந்த அதிர்வெண் தொலைநோக்கிகள் கை கொடுக்கின்றன, ஏனென்றால் அங்கே காற்றின் சொந்த வெளிச்சம் மங்கி மோதலின் வெளிச்சம் மேலோங்கும்.

குளிர்ந்த நட்சத்திரம் வேறு கதை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குப் போகிறோமே, அந்தத் திருவாதிரைதான் பீட்டல்ஜூஸ், செம்பெரும் மீன். அதன் காற்று வினாடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். 1998ல் வீஎல்ஏ கொண்டு 7 மில்லிமீட்டர் அலையில் பார்த்தபோது, சூடான வளிமண்டலம் இருக்கும் என்று எதிர்பார்த்த உயரத்தில் மூவாயிரத்துச் சொச்சம் டிகிரி குளிர்ந்த வாயு கோணல்மாணலாகப் பரவிக் கிடந்தது. இதைத் தூக்கிவிடுவது வெளிச்சம் இல்லை, மேற்பரப்பின் கொதிப்பும் தூசியும் சேர்ந்து என்கிறார்கள், கணக்கு இன்னும் முடியவில்லை. 2019 மார்கழியில் அது கண்ணுக்கே தெரியும்படி மங்கியதற்கும் அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியானதுதான் காரணம்.

இன்னொரு வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. நட்சத்திரம் வெடித்த பிறகு, வெடிப்பின் அலை வினாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, முன்பு மெதுவாகக் கிளம்பிய காற்றைத் துரத்திப் பிடித்து அடிக்கிறது, அடித்த இடம் ரேடியோவில் ஒளிர்கிறது. காற்று பத்துக் கிலோமீட்டர் வேகம் என்றால், வெடித்து ஒரு வருஷத்தில் அலை தொடுவது ஆயிரம் வருஷத்துக்கு முன் கிளம்பிய காற்று. சோழர் காலத்தில் அது எவ்வளவு இளைத்தது என்பதை ஒரு வருஷம் ரேடியோவைப் பார்த்தே எழுதிவிடலாம். எம்81 மண்டலத்தில் 1993ல் வெடித்த 1993ஜே என்ற சூப்பர்நோவாவை ஜிஎம்ஆர்டியும் வீஎல்ஏயும் சேர்த்து வெகு காலம் இப்படிப் பின்தொடர்ந்தார்கள். இந்த எடைக் கணக்கெல்லாம் எதற்கு என்றால், கடைசியில் நியூட்ரான் நட்சத்திரமா, கருந்துளையா, எவ்வளவு பெரிய கருந்துளை என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 2015ல் ஈர்ப்பலையில் கேட்ட முப்பது சூரிய நிறைக் கருந்துளைகளைக் கண்டு திகைத்தவர்கள், இரும்பு மாதிரிக் கனமான தனிமங்கள் குறைந்த நட்சத்திரத்துக்குக் காற்றும் பலவீனம், அதனால் எடை மிஞ்சியது என்று விளக்கம் சொன்னதும் இந்த வழியில்தான்.

சரி, உங்கள் மாடி டிஷ். காற்று நட்சத்திரம் எதையும் அது பிடிக்காது, ஆசையை விட்டுவிடுங்கள். ஆனால் கேபிள்காரர் வைத்திருக்கும் சின்ன சிக்னல் மீட்டரை எல்என்பியோடு (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலைவாங்கி) மாட்டி டிஷ்ஷைச் சூரியன் பக்கம் மெல்லத் திருப்பினால், நேராக வரும்போது முள் ஏறுவதைப் பார்க்கலாம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் பகலில் சில நிமிஷம் டிவி படம் உடைந்து போகிறதே, அது செயற்கைக்கோளுக்குப் பின்னால் சூரியன் வந்து நின்று இதையே செய்வதால்தான். டிஷ் பெயின்ட் உரிந்து பளபளப்பாக இருந்தால் மட்டும் ஜாக்கிரதை, வெயிலை எல்என்பி மேல் குவித்து மூடியை உருக்கிவிடும், எனக்கு ஒன்று அப்படிப் போனது. முள் கொஞ்சம்தான் அசைந்தது என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கொஞ்சமே நாவோஸிலிருந்து வருவதைப் போலச் சுமார் நூறு கோடி மடங்கு.